பழைய வண்டியின் இன்ஜின் மிஸ் ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019ஆம் ஆண்டு முதல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துள்ள பழைய வட ஆற்காட்டின் இந்தப் பகுதியில், இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய மோட்டார் சைக்கிள்களை நம்பிப் பிழைப்பவர்கள் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பால் கேன் கட்டி வருபவர்கள், குடியாத்தத்தில் லுங்கிக் கட்டுகளை ஏற்றிச் செல்பவர்கள், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆகியோரில் பலருக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அவர்களுடைய வண்டிகளுக்கு அடிக்கடி வரும் கோளாறு, இன்ஜின் மிஸ் ஆவது, அதாவது ஓடும்போது இடறுவது. இந்தக் கோளாறு நம் பகுதியில் பெரும்பாலும் கண்டறியப்படாமலே பழுதுபார்க்கப்படுகிறது என்பதைப் பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

கண்டறியாமல் பழுதுபார்ப்பது என்று நான் குறிப்பிடுவது இதுதான். வண்டி இடறுகிறது என்று வாடிக்கையாளர் வந்து நின்றதும், பொறி தரும் பிளக் மாற்றப்படுகிறது. சரியாகவில்லை என்றால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கழற்றிக் கழுவப்படுகிறது. அதற்கும் கேட்கவில்லை என்றால் காயில் (பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் சுருள்), பிறகு சி.டி.ஐ. (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), கடைசியில் "இன்ஜின் வேலை செய்ய வேண்டும், போரிங் போட வேண்டும்" என்ற தீர்ப்பு (போரிங் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது). ஒவ்வொரு கட்டத்திலும் வண்டிக்காரர் பணம் கட்டுகிறார். ஆனால் எந்தக் கட்டத்திலும் கோளாறு எங்கே இருக்கிறது என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த பால் வியாபாரி ஒருவரின் பழைய ஸ்பிளெண்டரில் போரிங்கும் புதிய பிஸ்டனும் போட்ட பின்பும் இடறல் அப்படியே இருந்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது, டேங்குக்கு அடியில் ஃபிரேமோடு உராய்ந்து தேய்ந்த பிளக் வயரிலிருந்து நீல நிறப் பொறி ஃபிரேமுக்குத் தாவிக்கொண்டிருந்தது. ஒரு வயரும் அதை விலக்கிக் கட்ட ஒரு பட்டையும் போதுமான இடத்தில் அவர் இரண்டு மாதப் பால் வருமானத்தை இழந்திருந்தார்.

மிஸ்ஸிங் என்பது, ஒவ்வொரு முறையும் எரிய வேண்டிய பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சில முறை எரியாமலேயே வெளியேறிவிடுவது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 25 முறை அது எரிந்தாக வேண்டும். அவற்றில் இரண்டு மூன்று தவறினாலே ஓட்டுபவருக்கு உடம்பில் தெரிந்துவிடும். இதைச் சில்லறைக் கோளாறு என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிவிடுவதால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் விரைவில் தேய்கின்றன. ஆகவே மாதக்கணக்கில் இப்படியே ஓட்டினால், தொடக்கத்தில் தேவையே இல்லாதிருந்த போரிங் இறுதியில் உண்மையாகவே தேவைப்பட்டுவிடும். எரியாத பெட்ரோல் புகைச் சோதனையிலும் காட்டிக்கொடுக்கும் என்பதால், 15 ஆண்டுகள் கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கச் செல்பவர்களுக்கு அங்கேயும் சிக்கல். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரியை முந்தப் போகும் நேரத்தில் இன்ஜின் இடறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிஸ் ஆகும் வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "எப்போது மிஸ் ஆகிறது?" என்பதுதான். நம் ஊரில் மருத்துவமனைக்குப் போனால், காய்ச்சல் காலையில் வருகிறதா மாலையிலா, குளிர் நடுக்கம் உண்டா என்று கேட்ட பிறகே மருந்து எழுதுகிறார்கள். வண்டிக்கும் அந்த விசாரணை வேண்டும். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, நன்றாகச் சூடான பிறகா? நிறுத்தி வைத்து ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போதா, ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போதா? காட்பாடி மேம்பாலத்தில் இருவரை ஏற்றிக்கொண்டு ஏறும்போதா, சமதளத்தில் சும்மா போகும்போதா? மழையிலா, ரிசர்வுக்கு மாற்றிய பிறகா? இந்தக் கேள்விகளுக்கு வண்டிக்காரர் சொல்லும் பதிலே பாதி வேலையை முடித்துவிடும். மெக்கானிக் கேட்காவிட்டாலும், வண்டிக்காரர் தாமாகவே இரண்டு நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மேட்டில் ஏறும்போது மட்டும் இடறி, சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பலரும் உடனே "இன்ஜினுக்கு இழுவை போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டரை அதிகம் திறக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நிறையப் புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. காயில் பலவீனமாக இருந்தாலோ, பிளக் முனை தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தாலோ, வயர் கசிந்தாலோ, பொறி அந்த நேரத்தில் தோற்றுவிடும். இதே காரணத்தால்தான், பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து உதைத்துப் பார்த்து "பொறி நன்றாக வருகிறது, கரண்ட் சரி" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. வெளிக்காற்றில் வரும் பொறி அழுத்தத்துக்குள்ளும் வரும் என்பதற்கு அது சான்றாகாது. பொறி மெலிந்து மஞ்சளாக வந்தால் கோளாறு உறுதி. தடித்து நீலமாக வந்தால் நம்பிக்கை, அவ்வளவுதான். அந்தச் சோதனையைச் செய்யும்போதும் பிளக்கின் உடலை ஹெட்டில் நன்றாகப் படியவைத்து எர்த் கொடுக்க வேண்டும். எர்த் இல்லாமல் உதைத்தால் சி.டி.ஐ. பழுதாக வாய்ப்புண்டு. பிளக் துளைக்கு அருகிலேயே பொறியைக் காட்டினால், அங்கிருந்து பீறிடும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பிளக்கின் நிறத்தைப் படிப்பது பழைய பழக்கம். அது இன்றும் செல்லும். ஆனால் ஸ்லோ ஸ்பீடில் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்துப் பயனில்லை. கோளாறு வரும் வேகத்தில் சிறிது தூரம் ஓட்டி, அங்கேயே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, நிறுத்திப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வறண்ட கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது சோக் முழுவதும் திரும்பவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி இல்லை. எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. போரிங் என்ற பேச்சுக்கு அப்போதுதான் இடமுண்டு, அதுவும் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்த பிறகு. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ காற்று கசிகிறது. பிளக் முனையின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் என்று கையேடு சொல்லும். கண்ணளவில் தட்டி வைப்பது வேண்டாம்.

வேலூர் வெயிலுக்கே உரிய கோளாறு ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். காலையில் கிளம்பும்போது ஒழுங்காக ஓடும் வண்டி, பிற்பகலில் அரை மணி ஓடியதும் இடறத் தொடங்கி, கடைசியில் நின்றேவிடும். நிழலில் கால் மணி நேரம் நிறுத்தினால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். கடைக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடுவதால் அங்கே கோளாறு தெரியாது. மெக்கானிக்கும் ஏதோ ஒன்றைக் கழுவி அனுப்பிவிடுவார். இப்படிப்பட்ட வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பவை இக்னிஷன் காயில், பொறி வரும் நேரத்தை உணர்த்தும் பிக்கப் காயில், பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனைகள்) உள்ள வண்டி என்றால் அந்த முனைகளைக் கருகாமல் காக்கும் கண்டன்சர் ஆகியவற்றையே. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளும் அதன் காப்பும் சூட்டில் விரியும்போது தொடர்பு அறும் அல்லது கசியும். ஆறினால் மீண்டும் சேரும். ஆகவே மல்டிமீட்டரை ஆறிய காயிலில் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. வண்டி நின்ற அந்த நிமிடமே, சூடு இருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஆனால் இதே அறிகுறியைக் காட்டும் வேறொரு காரணமும் உண்டு. அதற்குச் செலவே இல்லை. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போவதற்கென்று இருக்கும் நுண்துளை தூசியாலோ துருவாலோ அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, சில கிலோமீட்டர் ஓடியதும் பெட்ரோல் வரத்து நின்றுவிடும். வண்டி இடறி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்ற சத்தத்தோடு காற்று உள்ளே இழுக்கப்பட்டு, உடனே வண்டி கிளம்பினால், கோளாறு மூடியில்தான். காயில் வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையை யாரும் செய்யலாம். அடுத்து, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பிடித்துப் பார்க்க வேண்டும். சீராக ஒழுகாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வலையில் துரு அடைத்திருக்கிறது.

பழைய புல்லட், எஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்குப் பாயிண்ட் தெரியும். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டில் பாயிண்ட் முழுவதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இந்த இடைவெளி மாறினால் பொறி வரும் நேரமும் மாறும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறப்பதால் டைமிங் முந்திவிடும். எனவே முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டையும் மீண்டும் செய்ய வேண்டிவரும். இன்ஜின் ஓடும்போது பாயிண்ட் முனைகளுக்கு நடுவே தடித்த பொறி அடித்து, முனைகள் விரைவில் கருகினால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. கண்டன்சரை மாற்ற வேண்டும். பேட்டரியை நம்பிப் பொறி தரும் இத்தகைய புல்லட்டில் பேட்டரி இறங்கினாலும் மிஸ்ஸிங் வரும். ஆர்.எக்ஸ். 100, தொடக்க கால ஸ்பிளெண்டர் போன்றவை இன்ஜினோடு சுழலும் மேக்னெட்டிலிருந்தே பொறிக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால், அவற்றுக்குப் பேட்டரியைக் குறை சொல்லி மாற்றச் சொல்வது தவறு. மழையில் மட்டும் இடறும் வண்டிக்கு இவை எதுவும் வேண்டாம். பிளக் கேப்பும் வயரும் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் முனையில் பச்சை பூத்த பகுதியைச் சிறிது வெட்டிவிட்டு மீண்டும் திருகினாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன. கேப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டர் மல்டிமீட்டரில் பொதுவாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். முடிவில்லாமல் காட்டினால் கேப் போய்விட்டது.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. 1985 முதல் 1996 வரை தயாரான ஆர்.எக்ஸ். 100ஓ அந்தக் காலத்து எஸ்டியோ இந்த எரிபொருளை எண்ணி வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை) அளவில் கலவை சற்று இளைத்து, காற்று கூடியதுபோல ஆகிவிடும். விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அதனாலேயே இடறத் தொடங்கலாம். அதைவிட முக்கியம், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டி, ரிசர்வுக்கு மாற்றியதும் இடறுவதற்கு இது முக்கியக் காரணம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தாழ்வான தெருக்களில் நனைந்த வண்டிகளின் டேங்குகளில் உண்டான துரு, பிறகும் நெடுங்காலம் கார்புரேட்டரை அடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, வெள்ளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது பிடித்துப் பார்த்தால், நீர் தனிப் படலமாகவோ முத்துகளாகவோ அடியில் நிற்பது தெரியும். அப்படித் தெரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது வீண். ஒரு வாரத்தில் அதே வண்டி அதே கடைக்கு வரும்.

ஸ்லோ ஸ்பீடில் மட்டும் இடறி, ஆக்சிலரேட்டரை மூடிய பின்பும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் தொங்கினால், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் இணைப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். எத்தனால் பழைய ரப்பரை ஊதவும் இளகவும் செய்யும் என்பதால் இக்கோளாறு இனி அதிகமாகும் என்று எண்ணுகிறேன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இதே அறிகுறி கிராங்க் ஆயில் சீல் போனதாலும் வரும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் சைலன்ஸருக்குள் கரி அடைத்து இழுவை குறைவதும் உண்டு. அதைச் சுத்தம் செய்வது பழைய மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான வேலை.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாதது டேப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் அமைப்பில் விட வேண்டிய சிறு இடைவெளி. டேப்பெட் சத்தம் கேட்கவே கூடாது என்று வாடிக்கையாளர்கள் வற்புறுத்துவதும், மெக்கானிக் அதை இறுக்கிக் கொடுப்பதும் இங்கே பெரிய பழக்கமாகிவிட்டது. இறுகிய டேப்பெட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் முழுதாக மூடாமல், கம்ப்ரஷன் கசிந்து, இடறலும் சைலன்ஸரில் படபடவென்ற வெடிப்பும் வரும். அப்படியே விட்டால் வால்வு எரிந்துபோகும். காலையில் எளிதாகக் கிளம்பி, சூடானதும் உதைத்தால் கிளம்ப மறுக்கும் வண்டிக்கு டேப்பெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். லேசான டேப்பெட் சத்தம் உள்ள வண்டியை நான் நம்புவேன். சத்தமே இல்லாததைத் திறந்து பார்ப்பேன். செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருந்தால் வரும் குலுக்கலை மிஸ்ஸிங் என்று தவறாக நினைத்து வருபவர்களும் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம், இந்த அறிவு கண்முன்னே குறைந்துவருகிறது என்பதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் வந்த பிறகு புதிய மோட்டார் சைக்கிள்களில் ஃபியூல் இன்ஜெக்ஷனே வழக்கமாகிவிட்டது; இன்று தொழில் கற்கும் இளைஞர் ஸ்கேனரைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கப் பழகுகிறார். அது நல்லதே. ஆனால் கார்புரேட்டரும் பாயிண்டும் உள்ள வண்டியில் செருகுவதற்கு இடமில்லை. அங்கே கேள்வியும் காதும் மல்டிமீட்டரும்தான் கருவி. நம் பகுதியில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், பழைய வண்டிகளின் கோளாறு கண்டறிதலுக்கென்று சனிக்கிழமைகளில் ஒரு குறுகிய பயிற்சியை நடத்தினால், இளம் மெக்கானிக்குகளும் பயன்பெறுவார்கள். வண்டிக்காரர்களும் வந்து கேட்கலாம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் புதிய வண்டிகளின் அறிமுகங்களுக்கு இடையே, வாரம் ஒரு பழைய வண்டிக் கோளாற்றையும் அதைச் சோதிக்கும் முறையையும் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள், எந்தச் சோதனையில் அது பழுது என்று தெரிந்தது என்பதை ரசீதில் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தொழில் செய்யும் தோழர்களிடமும் இதையே கேட்கிறேன். மாற்றிப் பார்ப்பதுதான் வழி என்ற நிலை வந்தால், கடையில் இருக்கும் நல்ல காயிலையோ சி.டி.ஐ.யையோ தற்காலிகமாகப் பொருத்தி, வாடிக்கையாளரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லி, இடறல் நின்றது உறுதியான பிறகு புதியது வாங்கச் சொல்லலாம். நின்றிருக்காவிட்டால் அவருடைய பழைய பாகத்தையே திரும்பப் பொருத்திவிட்டு, அதற்குப் பணம் வாங்காமல் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனம் பழுதுபார்ப்பவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.